எதிர் வீட்டு மீட்டர்

துணி அலசிய தண்ணீரை வாளியில் பிடித்து, அதிலேயே தரை துடைக்கிறார். துடைத்து அழுக்கான தண்ணீர் கழிப்பறைக்குப் போகிறது. காய் கழுவிய தண்ணீர் மட்டும் தனிப் பாத்திரத்தில். அது மொட்டைமாடித் தக்காளிச் செடிக்கு. எதிர் வீட்டு அக்காவுக்குக் குடியிருப்பில் நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘மிச்சம்’.

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்தும் வேலை. சட்டைக் காலர் நைந்தால் பிரித்துத் திருப்பித் தைத்துக்கொள்வார். வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. குப்பை வண்டிக்கார அம்மா ஒருநாள் என்னிடம், “அந்த வீட்ல ஆளு இருக்காங்களா இல்லையா? வாரத்துக்கு ஒரு கைப்பிடி குப்பைதான் வருது” என்றார்.

எனக்கும் அதே உறுத்தல். எதையோ மறைக்கிறார் என்றே தோன்றியது. “பூமியைக் காப்பாத்துறீங்களாக்கா?” என்று சீண்டிப் பார்த்தேன்.

“பூமியா? என் வாளி ஓட்டையாகாமக் காப்பாத்தவே பொழுது சரியா இருக்கு தம்பி.”

சிரிக்காமல் சொன்னார். அதுவும் சந்தேகத்தைக் கூட்டியது.

போன மாதம் மீட்டர் பார்க்க வந்தவர் படிக்கட்டில் நின்று தலையைச் சொறிந்தார். என் மீட்டர் ஓடியதில் பத்தில் ஒரு பங்குகூட அக்காவுடையது ஓடவில்லை. “திருட்டு கனெக்‌ஷன் ஏதும் இருக்குமோ சார்?”

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். “தினம் காலையில பெட்டியை இழுக்கிற சத்தம் கேக்குது. எதுக்கும் பாத்துடுங்க” என்றேன்.

அக்காவின் விடுமுறை நாளில் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். சாட்சிக்கு என்னையே கூப்பிட்டார்கள். திருட்டென்று தெரிந்தால் மின்சாரம் போகும், வழக்கு வரும், கடை வேலையும் நிலைக்காது. அக்கா சுவரோரமாக, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஒரு ஃபேன், இரண்டு விளக்கு. சுவர்களைத் தட்டிப் பார்த்தார்கள். கட்டிலுக்கடியில் ஒரு மரப்பெட்டி.

“உள்ள என்ன மிஷின் வச்சிருக்கீங்க? திறங்க.”

இழுத்துத் திறந்தார். அதே சத்தம். உள்ளே பழைய கம்பளி. கம்பளிக்குள் மூடிய பாத்திரம்.

“கிழங்கு சார். ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைச்சு இதுக்குள்ள வச்சிடுவேன். மிச்சத்தை அந்தச் சூடே பாத்துக்கும்.”

மூத்த அதிகாரி கரண்டியால் குத்திப் பார்த்தார். பூப்போல வெந்திருந்தது.

எல்லாவற்றையும் அணைத்தார்கள், மீட்டர் நின்றது. விளக்கைப் போட்டார்கள், ஓடியது. குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

“யாரு சார் சொன்னது?” என்று அக்கா கேட்டார். மூத்த அதிகாரியின் கண் ஒரு நொடி என் பக்கம் வந்து போனது. அக்கா அதைக் கவனித்தாரா? மயிரிழை பிசகாமல் லென்ஸ் பொருத்துகிற கண் ஆயிற்றே.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அடுக்களையில் போய் நின்றேன். அரைமணி நேரத்தில் தட்டும் சத்தம். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத் திறந்தேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக, ஆளில்லாத கூடத்தில் சுழன்றுகொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார். கதவோரமாகக் கையை உள்ளே நீட்டி ஸ்விட்சை அணைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.