அந்த ஒரு பெயரைத் தவிர

உசெங்கே ஏரிக்கரையில் ஒடேராவைத் தெரியாத மீன்காரி கிடையாது. வலையைச் சிக்கெடுப்பதில் கெட்டிக்காரன், வாயாடி, விலை பேசும்போது மட்டும் காது மந்தம். படகு கவிழ்ந்த அன்றைக்குப் பிறகு அவனுக்கு இன்னொரு மரியாதையும் சேர்ந்துகொண்டது. அவன் கரை சேர்ந்தான். கூடப் போன தம்பி ஒகுமு சேரவில்லை. கடவுள் கைதூக்கி விட்ட பிள்ளை என்று தேவாலயத்தில் அவனை எழுப்பி நிறுத்திக் கைதட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் கன்னத்தில் விழுந்தது போல இருந்தது அவனுக்கு. கரை சேர்ந்த விதம் அவனுக்கு மட்டும்தானே தெரியும்.

மறு வருடம், மூத்த மகள் அச்சியெங்குக்கு அடுத்து, அவனுக்கு மகன் பிறந்தான். பிறந்ததிலிருந்து ஓயாத அழுகை. பால் குடித்தும் அழுதான், தூளியில் போட்டாலும் அழுதான். செத்துப்போன யாரோ தன் பெயரைப் பிள்ளைக்கு வைக்கச் சொல்லிக் கேட்கிறார்கள், வேறென்ன? ஒடேராவின் அக்கா ரெடெம்ப்டா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். எந்தப் பெயருக்கு அழுகை நிற்கிறதோ அதுதான் பிள்ளையின் பெயர். தாத்தா, பெரியப்பா, மலேரியாவில் போன மாமா, எல்லோரையும் கூப்பிட்டாயிற்று. பிள்ளை யாருக்கும் மசியவில்லை.

"ஒருத்தன் பாக்கி இருக்கான்ல, அவன கூப்பிடட்டுமா?" என்றாள் ரெடெம்ப்டா.

"அந்தப் பேரு என் வீட்ல வேண்டாம்."

"ஏண்டா, கூடப் பொறந்தவன் பேருடா! செத்தவன் மேலயும் உனக்குப் பொறாமையா?"

ஒடேரா எழுந்து வெளியே போய்விட்டான். போகும் முன் குழந்தை அவன் சுண்டுவிரலைப் பிடித்திருந்தது. அந்தப் பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுத்தான் போனான். அவன் மனைவி பெரில் அதைப் பார்த்தாள். அவன் பிள்ளையைத் தூக்குவதே இல்லை என்பது அவள் மனதில் ஏற்கெனவே முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. "அச்சியெங்கப்பா, இவன் உங்களுக்கு என்ன பாவம் பண்ணான்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். பாவம் பண்ணியது யார் என்று சொன்னால் அவள் அவன் முகத்தில் விழிப்பாளா?

தூக்கம் போயிற்று. மாத்திரை வாங்கச் சுகாதார நிலையத்துக்குப் போனவனை, முதலில் மிலிசெண்டைப் பார் என்று அனுப்பினார்கள். ஊர்க்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் பேச்சு டாக்டர். முன்பு பழைய கட்டில்களைப் போட்டு வைத்திருந்த அறை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான் அவளுடைய ஆஸ்பத்திரி.

"ஊசி கிடையாதா மேடம்?"

"கிடையாது."

"அப்ப புத்திமதியா? அது வீட்லயே எக்கச்சக்கமா கெடைக்குதே."

"அதுவும் கிடையாது. நீங்க பேசுங்க, நான் கேக்குறேன். இங்க சொன்னது இந்தக் கதவத் தாண்டாது. யாருக்காவது உயிராபத்துன்னா மட்டும் நான் சும்மா இருக்க முடியாது. அத முன்னாடியே சொல்லிடறேன்."

வலை விலையைப் பற்றிப் பேசினான். டீசல் விலையைப் பற்றிப் பேசினான். அடுத்த வாரமும் வந்து அதையே பேசினான், இடையிடையே தம்பி செத்ததையும் லேசாகத் தொட்டுவிட்டு. இந்தப் பொம்பளை ஏன் இன்னும் நம்மைத் திட்டவில்லை என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது. அதற்கடுத்த வாரம் அவள் கேட்டாள்:

"தம்பியப் பத்திச் சொல்லும்போதெல்லாம் 'அவன்'னே சொல்றீங்க. அவரு பேரு என்ன?"

ஒடேரா வாயைத் திறந்தான். பெயர் வரவில்லை, மற்றதெல்லாம் வந்தது. படகில் இருந்தது ஒரே ஒரு மிதவைச் சட்டை. குளிருகிறது என்று அண்ணன் அதை மாட்டிக்கொண்டான். கவிழ்ந்ததும் தம்பி அந்தச் சட்டையைப் பிடித்தான். இரண்டு பேரின் கனத்துக்கு அது தாழ்ந்தது. தண்ணீர் மூக்கில் ஏறியது.

"விரல விலக்கி விட்டேன் மேடம். ஒண்ணொண்ணா. அவன் என்னைப் பாத்துக்கிட்டே இருந்தான்."

அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் தடுக்கவில்லை.

"சொல்லுங்க, நான் கொலகாரன்தானே? இல்ல, தப்பு என் மேல இல்லைன்னாவது சொல்லுங்க!"

"ரெண்டையும் நான் சொல்ல மாட்டேன். தீர்ப்பு சொல்ற ஆள் நான் இல்ல. மூச்சு முட்டும்போது ஒடம்பு என்னமோ பண்ணிடுது. அதுக்கப்புறம் நீங்க ஒத்தையா அதச் சொமந்துட்டு இருக்கீங்க. இன்னைக்கு நான் கேட்டுட்டேன். வேற யாருக்குத் தெரியணும்னு உங்களுக்குத் தோணுது?"

பாரம் இறங்கிவிட்டது என்று சொன்னால் பொய். அது அப்படியேதான் இருந்தது. ஆனால் இப்போது அதைக் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தது. கிளம்பும்போது கதவருகே நின்று, "ஒகுமு" என்றான். "அவன் பேரு ஒகுமு."

அன்று மாலை பெரில் அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை பாயில் கிடந்து கத்தியது. ஒடேரா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான், விரல்கள் வரைக்கும். அகப்பை நின்றது. களி அடிபிடிக்கும் வாசனை வந்தும் அவள் திரும்பவில்லை. அவன் பிள்ளையின் மேல் குனிந்து, "ஒகுமு" என்று கூப்பிட்டான்.

அழுகை நிற்கவில்லை. இன்னும் பலமாகத்தான் கத்தினான். கத்திக்கொண்டே அப்பாவின் விரலை இறுகப் பற்றினான். பழக்கத்தில் ஒடேராவின் இன்னொரு கை அதை விலக்கப் போனது.

"விடாதீங்க." பெரில் திரும்பியிருந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர், குரலில் கோபம். "உங்கள நான் மன்னிப்பனா மாட்டனான்னு எனக்கே தெரியல. ஆனா இவன விடாதீங்க."

அவன் பிள்ளையைத் தூக்கி மார்போடு சேர்த்துக்கொண்டான். பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. அவன் விடவில்லை.