தெல் என்று தொடங்கும் இரண்டு ஊர்களும் ஒரு கிருமியும்

கண்டியில் அறை தேடி அலைந்த நாட்களில், அந்த்ராக்ஸ் கிருமியின் மரபணுத் துண்டுகளை அதன் சொந்தக்காரக் கிருமிகளோடு ஒப்பிடுவது என் தொழில். கிருமியை நான் கண்ணால் கண்டதில்லை. பல்கலைக்கழகம் எனக்குத் தந்தது ஒரு கதிரையும் ஒரு கணினியும். கிருமி வெளிநாட்டில் எங்கோ பத்திரமாக இருக்க, அதன் மரபணு எழுத்துகள் மட்டும் இணையத்தில் இறங்கி வந்தன.

ஒரு சொந்தக்காரன் பழஞ்சோற்றில் இருந்து வயிற்றைக் கலக்குகிறவன். இன்னொருவன் கோவா இலையைத் தின்னும் புழுவைக் கொல்கிறவன். மூவரையும் வரிசையாக அடுக்கினால் பெரும்பாலும் ஒரே எழுத்து. ஆளைக் கொல்லும் நஞ்சோ, அந்த்ராக்ஸ் வேறெங்கோ வாங்கிச் செருகிக்கொண்ட சின்ன மரபணு வளையங்களில் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர்கள் வேறு யாரோ. அவர்கள் சொன்னது சரிதான் என்று தலையாட்டுவதற்கு எனக்குச் சம்பளம்.

போர் மறுபடி மூண்டிருந்தது. தமிழனுக்கு அறை கொடுப்பவர் அவனைப் பொலிசில் பதிய வேண்டும் என்பதால், பல வீடுகளில் சிரித்தபடியே கதவைச் சாத்தினார்கள். விடுதியை மாத முடிவில் காலி செய்ய வேண்டும். அறை கிடைக்காவிட்டால் தினமும் வீட்டிலிருந்து பஸ்ஸில் தொங்கி, ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி ஏற வேண்டியதுதான். கடைசியில் ஏரிக்கு மேலே, ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் ஒருவரின் வீட்டுக்குப் போனேன்.

"தம்பி எந்த இடம்?"

"தெல்..." என்று தொடங்கினேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்ததை எப்படி நாகரிகமாகச் சொல்லி முடிப்பது என்று யோசிப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"தெல்லிப்பழையோ! அப்ப எங்கட பக்கம்தான்."

"ஓம்" என்றேன். அந்த 'ஓம்' பல்கலைக்கழகத்து யாழ்ப்பாண நண்பர்களிடமிருந்து தொற்றியது. முதல் எழுத்துகள் ஒத்துப்போனால் மிச்சமும் ஒத்துப்போகும் என்று நம்புவது என் துறையில் முதலாண்டு மாணவன் விடும் பிழை. பிழையை அவர் விட்டார். நான் நல்ல ஆசிரியன் இல்லை.

"என்ன வேலை?"

"அந்த்ராக்ஸ் ஆராய்ச்சி."

"அமெரிக்காவில கடிதத்துக்குள்ள வச்சு அனுப்பின பவுடரோ?"

"அதேதான்."

"நல்லது, நல்லது. தெல்லிப்பழையில எந்தப் பக்கம்? கோயிலுக்குக் கிட்டவோ?"

அந்த்ராக்ஸ் அவரை அசைக்கவில்லை. விசாரணை ஊரிலிருந்து தெரு ஒழுங்கைக்கும், ஒழுங்கையிலிருந்து சாதிக்கும் இறங்கப்போவது தெரிந்தது. இவ்வளவு நுணுக்கமாக ஒப்பிடும் மென்பொருள் எங்களிடம் இல்லை.

நல்லவேளையாக அவருடைய மனைவி தேத்தண்ணீரும் வடையும் கொண்டு வந்தார். இரண்டாவது வடையை வைக்க வந்தபோது, "ஐயோ, போதுங்க, நீங்க சாப்பிடுங்க" என்றேன்.

அம்மாவின் கை நின்றது. "தெல்லிப்பழையில எப்ப துவக்கம் 'ங்க' போட்டுக் கதைக்கினம்?"

அடையாள அட்டையை நீட்டினேன். பிறந்த இடத்தை ஐயா வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். கிருமிக்கு வராத கலக்கம் இப்போது வந்தது.

"தெல்தோட்டை... தோட்டமோ?"

"தோட்டந்தாங்க." இனி 'ங்க'வை மறைத்து என்ன பயன்?

"அறைக்கு எங்கட சொந்தக்காரர் ஒருத்தர் வாறதாச் சொன்னவர்..." என்று இழுத்தார். நான் பையை எடுத்தேன்.

"இருங்கோ தம்பி" என்ற அம்மா, கணவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு மூளை இருக்கே? தெல்லிப்பழைப் பொடியனை வச்சிருந்தா பொலிஸ் எங்கட வாசலிலயே பாய் போட்டுப் படுக்கும். முந்தி அறையில இருந்த யாழ்ப்பாணப் பொடியனாலை பட்டது காணாதே? தெல்தோட்டை எண்டால் ஒரு கேள்வியோட விட்டிடுவினம்."

மறுநாள் ஐயாவே என்னைப் பொலிசுக்குக் கூட்டிப்போனார். "வத்தே தெமள, சேர்" என்றார் சிங்களத்தில், தோட்டத் தமிழன் என்பதை ஏதோ சிபாரிசுக் கடிதம்போல. "எங்கட ஆக்கள் இல்லை." என்ன வேலை என்று கேட்டதற்கும் அவரே பதில் சொன்னார்: "பழஞ்சோத்துக் கிருமி." பொலிஸ்காரர் அட்டையைப் பார்த்தார், கொட்டாவி விட்டார், எழுதிக்கொண்டார். குடும்பத்தில் ஆபத்தில்லாத சொந்தக்காரனாக நான் பதிவானேன்.

திரும்பி வரும்போது ஐயா ஏரிக்கரையில் நின்று, சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, வீட்டுக்கு எங்கட சனம் ஆரும் வந்தா மட்டும், தெல்லிப்பழை எண்டு சொல்லுங்கோ."

"சரிங்க" என்றேன்.