சூடாகாத ஸ்படிகம்

விதவிதமாய்க் கல் சேர்க்கும் பேரன், ஸ்படிக உருண்டை ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தான். அந்தச் சில்லிப்பு என்னை வெள்ளைக்காரன் காலத்துப் பூந்தமல்லிக்கு இழுத்துப் போனது.

தங்கை காய்ச்சலில் அனலாய்க் கொதித்தாள். மோதிரக் கல் விற்கும் பக்கத்து வீட்டு பாய், "சூட்டை இழுத்துக்கும், தங்கச்சி" என்று அம்மாவிடம் இதேபோல் ஒன்றைத் தந்தார். அம்மா அதை அவள் நெற்றியில் உருட்டுவாள். சூடேறினால் பானைத் தண்ணீரில் முக்கி மறுபடி உருட்டுவாள். சோறு தண்ணி இல்லை.

ஒரு மத்தியானம் அம்மா கத்தினாள்: "பாய், ஓடியாங்க! கல்லு சூடாவல, சில்லுனே கீது! காச்ச எறங்கிடுச்சு!"

ஓடிவந்தவர் தங்கையின் பாதத்தைத் தொட்டார். அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அம்மா உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"குடு தாத்தா" என்று பேரன் கை நீட்டுகிறான்.

இருடா. சூடாகட்டும், தருகிறேன்.