பிரேக் அக்காவும் புதினாப் பச்சைக் காரும்

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் இருபத்திரண்டு வருடங்களாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து வந்தாள். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. மாணவர்கள் பதறிப்போய் பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் நொடியில் அவள் கால் தன் வேலையை முடித்திருக்கும். முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. "பரவாயில்ல, மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க" என்பாள். யாரோ ஒருவர் அவளுக்குப் பிரேக் அக்கா என்று பெயர் வைக்க, அதுவே நிலைத்துவிட்டது. பள்ளி முதலாளிகூட அப்படித்தான் கூப்பிட்டார்.

ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவளுக்குச் சொந்தமாக ஒரு கார் இல்லை. வீட்டில் இருந்தது கணவரின் கார். சாம்பல் நிறம், பெரிய உடம்பு, பதினான்கு வயது. அவர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்தார். காலையில் அவர் அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட, அவள் பேருந்தில் பள்ளிக்குப் போவாள். கையில் காசு இல்லாமல் இல்லை. ஒரே மகளும் படித்து, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். தனக்கென்று ஒன்று வாங்கிக்கொள்ளும் பழக்கம்தான் இல்லை.

பேருந்து போகும் வழியில் ஒரு ஷோரூம் இருந்தது. நான்கு மாதங்களுக்கு முன் அதன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்னக் கார் வந்து நின்றது. உருண்டை முகப்பு விளக்குகள், வளைந்த முதுகு, புதினாப் பச்சை உடம்பு, பால்வெள்ளைக் கூரை. பார்த்தால் கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து இறங்கி வந்தது போல இருந்தது. ஆனால் உள்ளே இருந்தது புத்தம்புது எஞ்சின். மிதித்தால் சீறும், மிதமாக ஓட்டினால் லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் தரும் என்று படித்திருந்தாள். அன்றிலிருந்து ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி, அந்தக் கண்ணாடியைக் கடந்து நடந்து போக ஆரம்பித்தாள். கேட்டால் முட்டிக்கு நடை நல்லது என்று சொல்ல ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. போனில் அந்தக் காரின் படங்கள் மட்டும் முப்பத்தேழு சேர்ந்திருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அவளும் கணவரும் கொழுந்தன் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். கொழுந்தன் மனைவியைக் குடும்பத்தில் எல்லோரும் சின்னவள் என்றுதான் சொல்வார்கள். நாற்பத்து மூன்று வயது. பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. பிரேக் அக்காவிடம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஓட்டுநர் தேர்வில் நான்கு முறை தோற்று ஐந்தாவது முறை தேறினாள். நான்கு முறையும் அழவில்லை. வெளியே வந்து, "அந்த ஆபீசருக்கு என்னைப் பாக்காம இருக்க முடியல போலக்கா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் பிரேக் அக்காவுக்கு எரிச்சல். சின்னவளுக்கு எதுவுமே உறைக்காது, கேட்டதெல்லாம் கிடைத்துவிடும். வெயில் விழும் பால்கனி, ஒரு நரைகூட விழாத முடி, அவள் பேசும்போது போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கும் புருஷன்.

சாப்பிட்டு முடித்ததும் சின்னவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினாள்.

"அக்கா, இதப் பாருங்க. புக் பண்ணிட்டேன்."

புதினாப் பச்சை. பால்வெள்ளைக் கூரை.

பிரேக் அக்கா படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். அதே கார்தான். நான்கு மாதம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததை இவள் ஒரு மத்தியானத்தில் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் மூன்று பூந்தொட்டிகளை உடைத்தவள்!

"வெள்ளிக்கிழமை வரைக்கும் வேணாம்னு சொல்லிக்கலாமாம்," என்றாள் சின்னவள். "உங்களுக்குத்தான் வண்டி பத்தி நல்லாத் தெரியுமே. நீங்க சரின்னு சொன்னாத்தான் எடுப்பேன்."

அவள் உண்மையாகத்தான் கேட்டாள். அந்த நம்பிக்கை பிரேக் அக்காவை இன்னும் குத்தியது. போனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, வகுப்பில் பேசும் அதே நிதானக் குரலில் சொன்னாள்:

"பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு வருஷத்துல கிளட்ச் போயிடுதாம். எங்க ஸ்கூல் மெக்கானிக் சொன்னார். பார்ட்ஸும் லேசுல கிடைக்காதாம்."

மெக்கானிக் அப்படி எதுவும் சொல்லவில்லை. அந்தக் காரைப் பற்றி அவரிடம் அவள் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

"அய்யோ, அப்படியா?" சின்னவளின் முகம் சுருங்கியது. "நல்லவேளை கேட்டேன்."

வியாழக்கிழமை சின்னவளிடமிருந்து செய்தி வந்தது. "வேணாம்னு சொல்லிட்டேன்கா. ரொம்ப தேங்க்ஸ்." அதைப் படித்தபோது பிரேக் அக்கா பயிற்சிக் காரில் இருந்தாள். நெஞ்சில் வைத்திருந்த கல்லை யாரோ எடுத்தது போல இருந்தது. அன்று மாணவன் ஒருவன் நடைபாதை மேல் சக்கரத்தை ஏற்றியதைக்கூடப் பார்த்துச் சிரித்தாள்.

சனிக்கிழமை அவள் ஷோரூமுக்குள் போனாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வருவது அதுதான் முதல் தடவை. தாடியை ஒட்ட வெட்டிய ஒரு விற்பனையாளர் ஓடி வந்தார்.

"உங்களுக்கு நேரம் நல்லா இருக்கு மேடம். இந்தக் கலர்ல இது ஒண்ணுதான் மிச்சம். ஒரு லேடி புக் பண்ணிட்டு முந்தாநேத்துதான் வேணாம்னுட்டாங்க. சொந்தத்துல யாரோ வண்டி தெரிஞ்சவங்களாம், கிளட்ச் போயிடும்னு பயமுறுத்தி விட்டிருக்காங்க. யாரு கண்டுபிடிக்கிறாங்களோ இதெல்லாம்!"

"சும்மா ஓட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

ஓட்டிப் பார்த்தாள். இருக்கை இடுப்பைப் பிடித்துக்கொண்டது. கியர் ஒரு விரல் தள்ளலுக்கு விழுந்தது. ஊருக்கு வெளியே நீண்ட சாலையில் ஸ்போர்ட் என்று எழுதிய பொத்தானை அழுத்தி மிதித்தபோது, வண்டி ஒரு கணம் மூச்சை இழுத்துப் பிடித்துவிட்டுப் பாய்ந்தது. வளைவில் ஸ்டியரிங் அவள் நினைத்த இடத்துக்கு, நினைத்த அளவுக்குத் திரும்பியது. பக்கத்தில் விற்பனையாளர், தன் பக்கம் இல்லாத பிரேக்கைத் தேடிக் காலை ஊன்றிக்கொண்டு வந்தார். இருபத்திரண்டு வருடம் மணிக்கு முப்பது கிலோமீட்டரில் ஊர்ந்தவள் அன்று வாய்விட்டுச் சிரித்தாள்.

திரும்பி வந்ததும் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். பத்து நாளில் வண்டி கைக்கு வரும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். முதலில் சந்தோஷப்பட்டார். "எப்பவோ வாங்கியிருக்கணும் நீ. என்ன வண்டி?" என்றார். அவள் படத்தைக் காட்டினாள். மடித்துக்கொண்டிருந்த சட்டை அவர் கையில் அப்படியே நின்றது.

"அன்னைக்கு அவகிட்ட வேணாம்னு சொன்னியே, அந்த வண்டிதானே இது?"

"ம்."

"கிளட்ச்?"

அவள் போனை அணைத்தாள்.

"அந்த மெக்கானிக் ஒண்ணும் சொல்லல, இல்ல?"

"நான்தாங்க முதல்ல பாத்தேன்," என்றாள் அவள். "நாலு மாசமா பாத்துட்டிருக்கேன். அவளுக்கு எல்லாமே வந்துடுது. கேக்கக்கூட வேண்டியதில்ல. எனக்கு இது ஒண்ணு..." பெட்ரோல் கணக்குப் பார்த்துத்தான் வாங்கினேன், பேருந்துக்கு நிற்க வேண்டியதில்லை என்றெல்லாம் யோசித்து வைத்திருந்த நியாயங்கள் எதுவும் அந்த நேரத்தில் வாய்க்கு வரவில்லை.

அவர் சட்டையை மடித்து முடித்தார். "உன் வண்டி, உன் இஷ்டம். ஆனா அதுல ஏறி அந்த வீட்டு வாசல்ல வந்து என்னால இறங்க முடியாது. அதை மட்டும் சொல்லிட்டேன்."

இரண்டு நாள் அவள் வேறு வழி தேடினாள். வேறு நிறம் வாங்கினால் என்ன? பெயின்ட் மாற்றினால்? கிளட்ச் பிரச்சினையைக் கம்பெனியில் சரிசெய்துவிட்டார்களாம் என்று இன்னொரு கதை விட்டால்? கடைசியில் அதைச் சொன்னால் சின்னவள் நம்பியே விடுவாள் என்று தோன்றியபோதுதான் அவளுக்குத் தன்னைப் பார்த்தே கூச்சமாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சின்னவளின் மேசையில் ஒரு பிளாஸ்டிக் தாடை வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. காத்திருப்பவர்கள் யாரும் இல்லை.

"என்னக்கா, பல்லு வலியா?"

"இல்ல. அந்தக் கார் விஷயம். நான் சொன்னது பொய். கிளட்ச் நல்லாத்தான் இருக்கு. மெக்கானிக் எதுவும் சொல்லல. எனக்கு அந்த வண்டி வேணும்னு இருந்துச்சு, அதான் அப்படிச் சொன்னேன். சனிக்கிழமை நானே அதைப் புக் பண்ணிட்டேன்."

போன் அடித்தது. சின்னவள் எடுத்தாள். "வணக்கம் சார்... நாளைக்கு பதினொண்ணரைக்கு வரலாம்... ஆமா சார், சாப்பிட்டுட்டு வரலாம்." வைத்துவிட்டு, நோட்டில் குறித்துக்கொண்டு, நிமிர்ந்தாள். அந்த முகத்தைச் சிரிப்பின் தடமே இல்லாமல் பார்ப்பது பிரேக் அக்காவுக்கு அதுவே முதல் முறை.

"கேட்டிருந்தா நானே விட்டுக்கொடுத்திருப்பேனேக்கா," என்றாள். பிறகு தலையை ஆட்டினாள். "இல்ல. குடுத்திருக்க மாட்டேன். ஏன் குடுக்கணும்? நான் வேலைக்கு வந்து பதினஞ்சு வருஷம் ஆச்சு. எனக்காக வாங்க நினைச்ச முதல் பொருள் அது."

பிரேக் அக்கா அதை எதிர்பார்க்கவில்லை. எல்லாம் தானாக வந்து விழுபவள் என்று நினைத்திருந்தவள், அந்த மேசைக்குப் பின்னால் பதினைந்து வருடம் உட்கார்ந்திருக்கிறாள் என்பது கண்ணெதிரே இருந்தும் அவள் யோசிக்காத விஷயம்.

"ஓட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி இருக்கு? இப்பவாவது உண்மையச் சொல்லுங்க."

"பின்பக்கக் கண்ணாடி சின்னது. ரிவர்ஸ் எடுக்கறப்ப நீ கஷ்டப்படுவ. பின்சீட்ல பெரிய ஆளு உக்கார முடியாது. மத்தபடி..." மேசையிலிருந்த பிளாஸ்டிக் தாடையை மூடி வைத்தாள். "மத்தபடி இந்த மாதிரி வண்டிய நான் ஓட்டினதே இல்ல."

"அப்போ போய் உங்க பேரை எடுத்துட்டு என் பேரைப் போடச் சொல்லுங்க," என்றாள் சின்னவள். "நீங்களே போங்க."

போனாள். விற்பனையாளருக்குத் தலை சுற்றியது. "மேடம், அவங்க வேணாம்னு சொன்னதை நீங்க எடுத்தீங்க, இப்போ நீங்க வேணாம்னு சொல்றதை அவங்களே எடுக்கறாங்களா? அந்த வண்டியப் பத்தி ஏதாவது தெரிஞ்சா எங்கிட்டயும் சொல்லிடுங்க." அவள் கையெழுத்துப் போட்டாள்.

வண்டி வந்த அடுத்த வாரம் சின்னவள் பயிற்சிப் பள்ளிக்கு வந்தாள். சொந்த வண்டியில் ஓட்டிப் பழக ஆறு வகுப்புகள் வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டு, ரசீது வாங்கிக்கொண்டாள். "பிரேக் அக்காதான் வரணும்" என்றும் சொன்னாள். இப்படியாக, தான் வாங்க நினைத்த காரில் பக்கத்து இருக்கையில் ஆறு நாள் உட்கார்ந்திருந்தாள் அவள். சின்னவள் இரண்டாவது கியரிலேயே ஊரைச் சுற்றினாள். ஸ்போர்ட் பொத்தானைத் தொடவே இல்லை. "அதை எதுக்கு அழுத்தணும்?" என்று கேட்டாள். பிரேக் அக்காவுக்குப் பல்லைக் கடிக்கத்தான் முடிந்தது. ஆனால் ஆறாவது நாள், ஒரு குறுகிய இடத்தில் ரிவர்ஸ் எடுத்து ஒரே தடவையில் நிறுத்திவிட்டு, சின்னவள் தன்னை மறந்து அவள் தோளைத் தட்டினாள். அதற்குப் பிறகு, நின்றுபோயிருந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மறுபடி ஆரம்பித்தது. பேச்சு பழைய மாதிரி இல்லை. கொஞ்சம் கவனமாகவே இருந்தது.

ஏழு மாதம் கழித்து அந்தக் காரின் அடுத்த தொகுதி வந்தது. புதினாப் பச்சையை நிறுத்திவிட்டிருந்தார்கள். புதிதாக ஒரு அடர் சிவப்பு இருந்தது, கறுப்புக் கூரையோடு. வாங்கலாமா என்று பிரேக் அக்கா மூன்று வாரம் யோசித்தாள். ஆசையில் வாங்குகிறேனா, போட்டியில் வாங்குகிறேனா என்று கணவரிடமே கேட்டாள். அவர் அந்தக் காருக்குள் நுழைந்து, முட்டி முன்பலகையில் இடிக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ரெண்டும்தான் இருக்கும். ஆனா ஓட்டப்போறது நீதானே, வாங்கு" என்றார்.

வாங்கினாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு கொழுந்தன் வீட்டுக்குப் போனார்கள். கணவர் வாசலில் இறங்கினார். சின்னவள் வெளியே வந்து காரைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். கூரையில் விரலை வைத்துப் பார்த்தாள். தன் பச்சைக் கார் நிற்கும் பக்கம் திரும்பி, மறுபடி சிவப்பைப் பார்த்தாள்.

"சிவப்பு நல்லாத்தான் இருக்குல்ல," என்றாள். சொன்ன பிறகும் அங்கேயே நின்றாள். "அப்பவே இந்தக் கலர் வருதுன்னு சொல்லியிருந்தா..."

அந்தக் கண்ணில் இருந்தது என்னவென்று, நான்கு மாதம் ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே நின்ற பிரேக் அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பார்த்தபோது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு இதமான குளிர்ச்சி பரவியது. அப்படிப் பரவியதற்காக வெட்கப்பட வேண்டும் என்று அன்று சாயங்காலம், வீட்டுக்குப் பாதி வழி வந்த பிறகுதான் அவளுக்குத் தோன்றியது.