பட்டன் பவளத்தை அவித்த காலை

காலை ஆறு இருபது. மீன்தொட்டியின் நீல விளக்கைப் போட்டதும் முதலில் கண்ணில் பட்டவை, நடுப்பாறையில் ஒட்டியிருந்த கடினப் பவளத்தின் அடியில் விரிந்து நின்ற பழுப்பு வட்டங்கள். சட்டைப் பொத்தான் அளவு. முந்தின நாள் அவை அங்கே இல்லை.

கடையில் 'பட்டன்' என்று சொல்லித் தந்தார்கள். சிறு கல்துண்டில் கொத்தாக வந்த மென்பவளம். சில மாதங்களில் மற்ற பவளங்களைச் சுற்றி வளைத்து, மேலே ஏறி மூடியது. பிளேடால் சுரண்டினேன், சுரண்டிய இடத்திலேயே முளைத்தது. சுண்ணாம்பைக் குழைத்து ஊசியால் ஒவ்வொன்றின் வாயிலும் வைத்தேன். பக்கத்துக் கல்லில் தலைகாட்டியது.

அன்று குளத்தூரிலிருந்து மைத்துனன் வந்திருந்தான். அவனும் என் மனைவியும் கடலோரத்தில் சிப்பி அவித்துத் தின்று வளர்ந்தவர்கள்.

"அத்தான், இதும் சிப்பி மாதிரி ஆக்கும். நல்லா ஒரு கொதி விட்டா தன்னால கழண்டு வரும். ஆஸ்பத்திரிக்காரன் மாதிரி ஊசி குத்திக்கிட்டு இருக்கிய!"

"எலே, எம் பானையில போட்டா, பொறவு அதுல நீதான் சோறு திங்கணும் மக்கா," என்றாள் மனைவி.

"பழைய அலுமினியப் பானை உண்டே, அக்கா."

கடினப் பவளத்தை மட்டும் பெயர்த்துத் தொட்டியில் விட்டுவிட்டுப் பாறையை வெளியே எடுத்தேன். மனைவி அதைப் பழைய பானையில் தண்ணீரோடு அடுப்பில் ஏற்றி மூடினாள். மழைச்சாரலுக்காகச் சமையலறைச் சன்னல்கள் சாத்தியிருந்தன. சிப்பி அவிப்பவர்கள் மூடியைத் திறந்து, வாய் பிளந்ததா என்று குனிந்து பார்ப்பார்கள். அவளும் குனிந்து பார்த்தாள். பலமுறை.

"எலே, இது வாயத் திறக்கவே மாட்டேங்குது," என்றாள். பிறகு, "நாக்குல ஆணி வச்ச மாதிரி இருக்கு."

மைத்துனன் சிரித்தான். அவள் இருமத் தொடங்கினாள். இருமல் நிற்கவில்லை. அவள் உதட்டின் நிறத்தைப் பார்த்ததும் அவன் அடுப்பை அணைத்துக் கதவைத் திறந்தான். எனக்கும் தொண்டை எரிந்தது.

ஆட்டோ அமரவிளையைத் தாண்டும்போது ஃபோனில் தேடினேன். அந்தப் பவளத்தில் விஷம் உண்டு. கொதித்தாலும் அழியாது, ஆவியோடு வரும். முறிவு மருந்து கிடையாது. அதை நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. என் தோளில் சாய்ந்தபடி அவள் ஒவ்வொரு மூச்சையும் இழுத்து எடுத்தாள்.

நெய்யாற்றின்கரையில் ஒரு மருத்துவமனை. ஆவி பட்டது என்றதும், எதைக் கொதிக்கவைத்தோம் என்று டாக்டர் மலையாளத்தில் கேட்டார்: "எந்தா திளப்பிச்சது?"

"கல்லு," என்றான் மைத்துனன்.

"கல்லோ?"

"ஜீவனுள்ள கல்லு, சாரே."

நான் ஃபோனை நீட்டினேன். டாக்டர் நின்றபடியே முழுவதும் படித்தார். அவளைக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் ஆக்ஸிஜன் முகமூடி மாட்டினார்கள்.

அவள் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏறத் தாமதமானபோதெல்லாம் கதவின் கைப்பிடியைப் பற்றினேன்.

"அக்காவுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா, அத்தான்?" மைத்துனன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

சாயங்காலம் முகமூடியைக் கழற்றிப் பார்த்தார்கள். மறுபடி மாட்டினார்கள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் காலையில் மாட்டவில்லை.

இப்போதும் ஒரு வாளித் தண்ணீர் தூக்கினால், அவள் பாதி வழியில் இறக்கி வைக்கிறாள்.