கல்லில் செத்துப்போன உஸ்தினா

"இந்த நாய்க்குச் சோறு போடறது தண்டம்டி. கார் வந்தா வாயைத் திறக்க மாட்டேங்குது."

உஸ்தினா தினமும் காலையில் மகள் ஸினாவிடம் சொல்லும் குறை இது. கோழியைப் பார்த்தால் அந்த நாய் குரைக்கும், தபால்காரரைப் பார்த்தால் ஊரைக் கூட்டும். வெர்பிவ்கா கிராமத்துக்கு மாதத்தில் ஒரு கார் வந்தாலே அதிகம். வராத காருக்கு நாய் எப்படிக் குரைக்கும் என்று ஸினா திருப்பிக் கேட்டதில்லை. கேட்டால் அம்மா அன்று முழுக்கச் சாப்பிட மாட்டார்.

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு துணிப்பை தொங்கும். உள்ளே உலர்த்திய கறுப்பு ரொட்டி, கம்பளிக் காலுறை, ஒரு சோப்பு. யாராவது கூட்டிக்கொண்டு போக வந்தால் எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு. எல்லா வீட்டிலும் இப்படி ஒரு பை இருக்கும் என்றுதான் ஸினா சின்ன வயதில் நினைத்திருந்தாள். பாதி வீடுகளில் இருக்கவும் செய்தது.

அம்மா போரில் குண்டு விமானம் ஓட்டியவர் என்பது ஸினாவுக்கே தன் பிரசவத்தின்போதுதான் தெரிந்தது. முழங்கை வரை வெந்து சுருங்கிய கைகளைக் காட்டி, சலவைத் தொட்டி கவிழ்ந்துவிட்டது என்று அதுவரை சொல்லி வந்தார். ஸினா வலியில் அலறியபோது வாய்விட்டுவிட்டார்.

"பலகையும் துணியும் வெச்சு ஒட்டின விமானம்டி அது. தீப்பெட்டி மாதிரி எரிஞ்சுது. நான் உள்ள உக்காந்து இறக்கினேன். கத்தினேனா? நீ என்னத்துக்குக் கத்தறே?"

இறங்கிய இடம் ஜெர்மன்காரன் பக்கம். சிறை முகாமிலிருந்து உயிரோடு திரும்பினால், நம் ஆட்களே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டார்கள்: எல்லாரும் செத்தார்கள், நீ மட்டும் எப்படிப் பிழைத்தாய்? பதக்கங்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கூப்பிடவே இல்லை. அதுதான் கொடுமை. கிழவியாகும்வரை மாட்டுப் பண்ணையில் பால் கறந்துகொண்டே காத்திருந்தார்.

1990, ஏப்ரல். பனி உருகிய சேறு காயத் தொடங்கிய சமயத்தில் சாம்பல் நிறக் கார் ஒன்று வந்து நின்றது. ஒருவர் ராணுவச் சீருடையில், இன்னொருவர் தோல் கோட்டில். உஸ்தினா சமையலறைத் தரையிலிருந்த பலகையைத் தூக்கி, உருளைக்கிழங்கு போட்டுவைக்கும் நிலவறைக்குள் இறங்கினார். ஸினா பலகையை மூடி அதன்மேல் நின்றுகொண்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தெரியாதவன் காரில் வந்து ஒரு பெயரைச் சொன்னால், அந்தப் பெயரில் ஊரில் யாரும் கிடையாது. சண்டை சச்சரவெல்லாம் வேறு கணக்கு. எதிர்வீட்டு ஹொர்பினாவுக்கும் உஸ்தினாவுக்கும் ஒரு வாத்து விஷயத்தில் ஒரு வருடமாகப் பேச்சில்லை. காரைப் பார்த்ததும் அவள்தான் வாளியோடு முதலில் ஓடிவந்தாள்.

"உஸ்தினா தரசிவ்னா வீடு இதுதானே?"

"யாரு, உஸ்தினாவா? போய்ச் சேர்ந்தாச்சு ஐயா," என்றபடி ஹொர்பினா அவர்களுக்கு முன்னால் உள்ளே நுழைந்தாள். "நல்ல மனுஷி. என் வாத்தைத் திருடினதைத் தவிர ஒரு குறை சொல்ல முடியாது."

சீருடைக்காரர் ஸினாவைப் பார்த்தார். "நீங்க மகளாம்மா? இவங்க சொல்றது நிஜமா?"

ஸினா தலையாட்டினாள்.

அவர் தொப்பியைக் கழற்றினார். "லேட்டா வந்துட்டோம். அவங்க மேல இருந்த பழியெல்லாம் நீக்கியாச்சு. பதக்கத்தை அவங்க கையிலயே கொடுக்கணும்னு கொண்டுவந்தேன்."

ஸினாவின் வாய் திறந்தது. ஒரு வார்த்தை போதும். காலுக்கடியில் அம்மா இருமலை அடக்குவது பாதத்தில் தெரிந்தது. ஆனால் தோல் கோட்டுக்காரர் இதுவரை பேசவே இல்லை. மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இரண்டு கிண்ணத்தில் பீட்ரூட் சூப்பு ஆவி பறந்தது.

"ஐயோ, என் சூப்பு ஆறுது," என்று ஹொர்பினா உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தாள்.

அம்மாவின் அப்பாவை ஒரு நாள் கூட்டிப்போனவர்களும் சிரித்த முகமாகத்தான் வந்தார்களாம்; தாத்தா திரும்பவே இல்லை. ஸினா வாயை மூடிக்கொண்டாள்.

"சரிம்மா. நகரத்துல வைக்கிற போர் நினைவுக் கல்லுல பேரைப் போட்டுடறோம்," என்றார் சீருடைக்காரர். கார் போனது.

உஸ்தினா சிலந்தி வலையைத் தலையிலிருந்து எடுத்துக்கொண்டே மேலே வந்தார். "செத்துட்டேனா?"

"ஆமாம்மா."

"எதுல?"

"கேக்கலை."

"காரணமில்லாம சாகக் கூடாதுடி. நுரையீரல்னு வெச்சுக்கோ." பிறகு ஹொர்பினாவைப் பார்த்தார். "என் கிண்ணத்தைக் கழுவி வை."

மே மாதம், ஜெர்மனியை வென்ற வெற்றி நாளன்று ஸினா நகரத்துக்குப் போனாள். புதிய கருங்கல். இறந்தவர்கள் வரிசையில் அம்மா பெயர், பக்கத்தில் 'விமானி'. பெயரைப் படித்ததும் கூட்டம் எழுந்து நின்றது. கல்லடியில் பூ குவிந்தது. அம்மா உயிரோடு இருக்கிறார் என்று கத்திவிடலாமா என்று ஸினா நினைத்தபோது, தோளருகே தோல் கோட்டுக்காரர் நின்றார்.

"உங்கம்மா கல்லறைக்கும் பூ வைக்கணும். எங்க புதைச்சீங்க?"

"கல்லறையை ஆத்து வெள்ளம் அடிச்சுட்டுப் போயிடுச்சு."

"அப்படியா," என்றார். அவ்வளவுதான். யார் அவர் என்று இன்றுவரை தெரியாது. ஸினா அன்றிலிருந்து கதவைத் தாழ்போடாமல் தூங்கியதில்லை.

போய் உண்மையைச் சொல்லலாம் என்று அம்மாவிடம் கெஞ்சினாள். பதக்கம் வரும், மரியாதை வரும், முதலில் கல்லிலாவது திருத்துவார்கள்.

"நான் உயிரோட போய் நின்னா, ஏன் பொய் சொன்னேன்னு உன்னைத்தான் கேப்பான்," என்றார் உஸ்தினா. "செத்தவளை யாரும் கூட்டிட்டுப் போக மாட்டான். இப்படியே இருக்கட்டும்."

ஆனால் செத்த பிறகுதான் அவர் பேச ஆரம்பித்தார். எதிரிக்குச் சத்தம் கேட்காதபடி எஞ்சினை அணைத்துவிட்டு இருட்டில் சறுக்கி இறங்கும்போது இறக்கைக் கம்பிகளில் காற்று எப்படி ஊளையிடும் என்று சொல்வார். உடன் பறந்து திரும்பாத பெண்களை ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லித் திட்டுவார். அவர் மேல் பழி போட்டு, பிறகு நீக்கிய அந்த நாடே இப்போது இல்லை. கல் அப்படியே நிற்கிறது. இதை எழுதட்டுமா என்று நான் கேட்டதற்கு, "செத்தவளைப் பத்தி எழுத யாரைக் கேக்கணும்?" என்றார்.

அதனால் சொல்கிறேன். நகரத்துக்குப் போகிறவர்கள் கல்லுக்கு வாங்கும் பூவில் பாதியை எடுத்துக்கொண்டு வெர்பிவ்காவுக்கும் நடந்து போங்கள். உஸ்தினா செத்துவிட்டாள் என்று ஹொர்பினா சத்தியமே செய்வாள். தலையாட்டிவிட்டு அங்கேயே நில்லுங்கள். சற்று நேரத்தில் ஹொர்பினாவே அந்த வீட்டுக் கதவைத் திறந்துவிடுவாள். உஸ்தினாவைப் போய்ப் பாருங்கள், அவர் உயிரோடு இருக்கும்போதே.