மூன்று வோல்ட்

எங்கள் வீட்டில் ஒரு பழைய டீசல் கார் இருந்தது. எங்கள் ஊரான சிக்கலில் அப்போது கார் வைத்திருந்தவர்கள் குறைவு. அதனால் அய்யாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஊரில் கொஞ்சம் மரியாதை உண்டு. அந்த மரியாதையை அதே கார் ஒரே பகலில் வாங்கிக்கொண்டும் போய்விட்டது.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அம்மாவின் அப்பா, பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற மண்டபம் ஊரில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அம்மாவும் நானும் கைக்குழந்தையாக இருந்த தம்பியும் அங்கேயே தங்கியிருந்தோம். அய்யா மட்டும் ஊரில் இருந்தார். மிளகாய்ப் பழம் பறிக்கிற நேரம் என்று சொல்லிக்கொண்டார்கள். அது பாதிக் காரணம்தான். தாத்தாவும் அய்யாவும் பேசிப் பல வருடம் ஆகியிருந்தது. ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் தாத்தா எல்லார் முன்னாலும் அய்யாவை ஒரு சொல் சொல்லிவிட்டாராம். அது என்ன சொல் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. கேட்டால் முதுகில் விழும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஒருநாள் காலையில் தாத்தா கண்ணைத் திறந்து, மருமகனை வரச்சொல் என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். மாமா உடனே போன் போட்டார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. மண்டபத்தில் ரோட்டோரமாக வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். அய்யா மறுபேச்சில்லாமல் பறித்துக்கொண்டிருந்த பழத்தை அப்படியே போட்டுவிட்டு காரை எடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து மாமா மறுபடி கூப்பிட்டார். அய்யா காரை ஓரங்கட்டி, சத்தத்தில் காது கேட்காது என்று எஞ்சினை நிறுத்திவிட்டுப் பேசினார். பாதித் தூரம் வந்துவிட்டதாகச் சொன்னார். பேசி முடித்துவிட்டுச் சாவியைத் திருகினால் கார் எடுக்கவில்லை. சாவியைத் திருகியதும் எஞ்சினைச் சுற்றிவிடுகிற மோட்டாருக்கு எங்கள் பக்கம் செல்ஃப் என்று பேர். அது டக்கென்று ஒரு சத்தம் மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருந்ததாம். இரண்டு பக்கமும் கருவேலங்காடு. தள்ளிவிட ஆளில்லை. சக்கரமோ மணலில் நின்றது. அய்யா போன் போட்டுச் சொன்னார். மாமா பதறிப்போய், அந்தப் பக்கமாகப் போன ஒரு மீன் வேன்காரரிடம் சொல்லி அய்யாவை ஏற்றிவரச் சொன்னார்.

தாத்தாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் தண்ணீர்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன். வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தாத்தாவின் கண் அங்கே போனது. ராமேஸ்வரம் போகிற வண்டியெல்லாம் அந்த ரோட்டில்தான் போகவேண்டும். எத்தனை வண்டிக்குத்தான் அவர் பார்ப்பார்? உச்சி வெயிலில் ஒரு லாரிக்காகத் திரும்பிய பார்வை அப்படியே நின்றுவிட்டது.

அய்யா வந்தபோது அழுகைச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். "வண்டி எடுக்கல மாப்ள," என்று மாமாவிடம் சொன்னார். மாமா உள்ளே போய்விட்டார். அதற்கு முன்னாலேயே மீன் வேன்காரர் வந்து நடந்ததைச் சொல்லிவிட்டிருந்தார். அவர் வேனை நிறுத்திவிட்டு இறங்கிப் போனபோது அய்யா இன்னொரு தடவை சாவியைத் திருகினாராம். கார் ஒரே திருகில் எடுத்துக்கொண்டதாம், அதிலேயே அய்யா கிளம்பினாராம். வேன்காரர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார். அதுவே போதுமானதாக இருந்தது.

காரியம் முடிந்த அன்று மாமா எல்லார் முன்னாலும் வாயைத் திறந்தார். "வர மனசில்லைன்னா இல்லைன்னு சொல்லியிருக்கலாம். வண்டி மேல எதுக்குப் பழியப் போடணும்? செத்த செல்ஃபு ஆளைக் கண்டதும் எந்திரிச்சு உக்காராது. இதுதான் என் தொழிலு."

அய்யா எங்களை ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். கார் அன்றைக்கு வெண்ணெயாக ஓடியது. அதை நான் மன்னிக்கவே இல்லை.

அடுத்த ஒரு வருடம் எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. எப்போதாவது ஒரு தடவை கார் மக்கர் பண்ணும். அய்யா துள்ளிக் குதித்து இறங்கி, "ஏலே இங்கன வாங்கடா, வந்து பாருங்கடா," என்று தெருவைக் கூட்டுவார். அம்மா மாவுக் கையோடு வந்து நிற்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வருவார்கள். அய்யா சாவியைத் திருகுவார். கார் உடனே எடுத்துக்கொள்ளும். பொம்பளைகளைக் கண்டால் வெட்கப்படுகிற வண்டி என்று தெருவில் கேலி பேசினார்கள். பேட்டரி மாற்றிப் பார்த்தார், முதுகுளத்தூருக்குக் கொண்டுபோய்க் காட்டினார். நல்லாத்தானே இருக்கு என்றுதான் எல்லாரும் திருப்பி அனுப்பினார்கள்.

அம்மா ஏறியிருக்கும்போது அது ஒருநாளும் நின்றதில்லை. அய்யாவைப் பொய்யர் என்று அவள் சொன்னதும் இல்லை, நம்புகிறேன் என்று சொன்னதும் இல்லை. கூப்பிட்டால் வந்து பார்ப்பாள். கார் எடுத்ததும் அடுப்படிக்குத் திரும்பிப் போவாள். அந்த நேரத்தில் அய்யாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். மனுசன் பொய் சொன்னால்கூட இவ்வளவு கூசிப்போகமாட்டான்.

தம்பிக்குக் காதுகுத்து வைக்கவேண்டிய காலம் வந்தது. மாமன் மடியில் உட்காரவைக்காமல் காது குத்த முடியாது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து மாமாவை முறையாக அழைத்தாகவேண்டும். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. தம்பிக்கு முடி வளர்ந்து கண்ணில் விழுந்துகொண்டிருந்தது, அதை மட்டும் அடிக்கடி ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலையில் அய்யா, எல்லாரும் கிளம்புங்கள் என்றார்.

மண்டபத்தில் காரை நேராகப் பட்டறைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். மாமா ஒரு லாரிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார். வாங்க என்று பொதுவாகச் சொன்னார். அம்மா தாம்பாளத்தோடு இறங்கினாள். அய்யா அவளைக் கையமர்த்தினார்.

"தாம்பாளத்த அப்புறம் வாங்கிக்க மாப்ள. முதல்ல இந்த வண்டியப் பாரு. உன் தொழிலுன்னு சொன்னீல்ல, பாத்துச் சொல்லு. நான் சொன்னது பொய்யின்னு தெரிஞ்சா இப்படியே திரும்பிப் போறேன்."

அம்மா தாம்பாளத்தைப் பிடித்தபடி பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் தம்பியோடு போனாள். நான் போகவில்லை. மாமா கையைத் துடைத்துக்கொண்டு பானெட்டைத் திறந்தார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தாலும் அவர் வேலை பார்ப்பது எனக்குப் பிடிக்கும். மீட்டரை எடுத்து பேட்டரியில் வைத்துப் பார்த்தார். பேட்டரி நல்லபடியாக இருந்தது. பிறகு மீட்டரின் கறுப்புக் கம்பியை பேட்டரியின் மைனஸிலும், சிவப்புக் கம்பியை எஞ்சினின் இரும்பிலும் வைத்தார். நான் எட்டிப் பார்ப்பதைக் கண்டு, யாரோடு பேசினாலும் பேசாவிட்டாலும் அக்கா மகளோடு பேசலாம் என்பதுபோல எனக்கு மட்டும் சொன்னார்.

"சும்மா இருக்கையில எல்லா வயரும் நல்ல வயருதான் ஆத்தா. செல்ஃபு சுத்துறப்பதான் வண்டவாளம் தெரியும். சுத்தையில இந்த நம்பர் அரை வோல்ட்டுக்குக் கீழ நின்னா நல்ல வயரு. ஒண்ணு, ரெண்டுன்னு ஏறுச்சுன்னா வயரு கரண்டத் திங்குதுன்னு அர்த்தம்."

அய்யா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, எஞ்சின் பிடித்துக்கொள்ளாதபடி நிறுத்துகிற கம்பியை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சாவியைத் திருகவேண்டும். மாமா "அடிங்க" என்பார். செல்ஃப் சுற்றும். நம்பர் அரை வோல்ட்டுக்கும் கீழே, புள்ளி இரண்டில் நிற்கும். "விடுங்க" என்பார். ஒரு வருடத்துக்குப் பிறகு மாமா அய்யாவிடம் நேருக்கு நேர் பேசிய பேச்சு அந்த இரண்டு சொற்கள்தான்.

ஒவ்வொரு இடமாக மீட்டரை மாற்றி மாற்றி வைத்தார். வயர்களை ஆட்டிப் பார்த்தார். செல்ஃபின் தலையில் ஸ்பேனரால் தட்டினார். எஞ்சின் சூடானால் வருமோ என்று பாம்பன் பாலம் வரை ஓட்டிப் போய் வந்தார்கள், நானும் பின்சீட்டில் உட்கார்ந்து போனேன். வந்து நிறுத்திச் சாவியைத் திருகினால் உடனே எடுத்தது. ஆறவிட்டுத் திருகினார்கள். எடுத்தது. வேறு வண்டிக்காரர்கள் வந்து காத்திருந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாமா வேறு எந்த வண்டியிலும் கை வைக்கவில்லை. உள்ளிருந்து அத்தை சாப்பிடக் கூப்பிட்டாள். ரெண்டு பேரும் போகவில்லை.

அந்தக் கார் அன்றைக்கு ஒரே ஒரு தடவை நிற்கவேண்டும் என்று நான் தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன். வண்டி ஓடவேண்டும் என்று வேண்டிக்கொள்கிற ஊரில், நிற்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

வெயில் சாய்ந்து கடல் காற்று திரும்பியது. அய்யா சட்டை முழுக்க நனைந்து, சாவியில் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். திடீரென்று பானெட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மாமாவைப் பார்த்து, "மாப்ள, நான் வந்துக்கிட்டுத்தான்யா இருந்தேன்," என்றார். குரல் உடைந்துபோயிருந்தது. "அவரு கூப்புட்டு நான் வராம இருப்பனா? எந்திரிக்க மாட்டேன்னு நின்னுருச்சுய்யா இந்தச் சனியன்."

மாமா குனிந்தே இருந்தார். காலையில் முதலில் வைத்த அதே இடத்தில், பேட்டரி மைனஸிலும் எஞ்சினிலும், மீட்டர் கம்பிகளை மறுபடி வைத்தார்.

"இன்னொருவாட்டி அடிங்க மச்சான்."

மச்சான் என்று அவர் சொன்னதை நான் கவனித்தேன். செல்ஃப் சுற்றியது. நான் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு மீட்டரையே பார்த்தேன். புள்ளி இரண்டு. காலையில் பார்த்த அதே புள்ளி இரண்டு. மாமாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சத்தமாகச் சொன்னார்.

"விடுங்க, விடுங்க! மாட்டிக்கிருச்சு. மூணு வோல்ட்டுத் திங்குது. எர்த்து வயரு மச்சான். உள்ளுக்குள்ள உப்புப் பூத்துப் போயிருக்கு. இப்படித்தான் நூறு தடவை எடுக்கும், ஒரு தடவை கழுத்தறுக்கும்."

அய்யா இறங்கி வருவதற்குள் மீட்டரை அணைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். பேட்டரி மைனஸையும் எஞ்சினையும் இணைக்கிற பழைய எர்த் வயரைக் கழற்றிப் பட்டறை மூலையில் எறிந்தார், புது வயரைப் போட்டு முறுக்கினார். கையைக்கூடக் கழுவாமல் வீட்டுப் பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார். "அக்கா! மச்சான் மேல ஒரு தப்பும் இல்லக்கா. வண்டிதான். நான்தான் வாய்க்கு வந்ததப் பேசிட்டேன்."

அம்மா வாசற்படிக்கு வந்தாள். அய்யாவைப் பார்த்தாள். பிறகு அந்தப் படியிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தாத்தா செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. அய்யா அவள் பக்கத்தில் போய் நின்றார், தொடவில்லை, சும்மா நின்றார். மாமா கிரீஸ் கையோடு தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து மத்தியானச் சோற்றைச் சாயங்காலம் சாப்பிட்டோம். எனக்கு மட்டும் அந்தப் புள்ளி இரண்டு தொண்டையில் நின்றது. பெரியவர்கள் சிரித்துப் பேசுகிற இடத்தில் அதைச் சொல்லக்கூடாது என்று ஏதோ தோன்றியதால் பேசாமல் இருந்தேன்.

தம்பிக்கு மாமன் மடியில் காது குத்தினார்கள். அவன் போட்ட கத்தலில் மாமாவுக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒருநாள் அய்யாவும் நானும் கடலாடியிலிருந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் எங்கள் வயலைப் பார்க்க அய்யா காரை நிறுத்தினார். பார்த்துவிட்டு வந்து சாவியைத் திருகினார். டக். அவ்வளவுதான். மறுபடி திருகினார். டக்.

ஒரு வருடமாகச் சொல்லக் கேட்டிருந்த சத்தத்தை அன்றைக்குத்தான் என் காதால் கேட்டேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அய்யா, மாமாவுக்குப் போன் போடுங்கய்யா! இப்பவே வந்து பாக்கட்டும்," என்றேன். போன் அவருடைய சட்டைப்பையில்தான் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார்.

"அப்ப மாமா வயர மாத்துனது வீணாய்யா?" என்று கேட்டேன். அப்போதுதான் தொண்டையில் நின்றதும் வெளியே வந்தது. "மீட்டர்ல புள்ளி ரெண்டுதான்யா இருந்துச்சு. நான் பாத்தேன். மாமாதான் மூணுன்னு தப்பாச் சொல்லிட்டாக."

அய்யா என் பக்கம் திரும்பினார். "நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தேன். மாமாவும் பாத்தாக."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. துண்டை மடியில் போட்டுவிட்டு, "யாருட்டயும் சொன்னியா?" என்றார். இல்லை என்றேன். "சொல்லாத. அம்மாட்ட சொல்லாத. மாமாட்ட சொல்லவே சொல்லாத," என்றார்.

வயலில் நின்ற இரண்டு பேர் என்னண்ணே ஆச்சு என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். கார் எடுக்காததற்குச் சாட்சி தேடி ஒரு வருடம் தெருவைக் கூட்டிய மனிதர், "டீசல் காத்து வாங்கிருச்சுப்பா, சும்மா ஒரு தள்ளுத் தள்ளிவிடுங்க," என்று வேறு காரணம் சொன்னார். அடுத்த வாரம் தனியாக ராமநாதபுரம் போய் செல்ஃபையே மாற்றிக்கொண்டு வந்தார். அம்மாவிடம் டயர் மாற்றப் போனதாகச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் மாமாவை நினைத்து எனக்கு வருத்தமாக இருந்தது. மண்டபத்து லாரிக்காரர்களெல்லாம் நம்பி வருகிற மனுசருக்கு மீட்டர் பார்க்கத் தெரியவில்லையே என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.